செருப்பு கழன்றது தெரியாத கால்

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். 15 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பத்து வருடமாக மீன், முட்டை, கறி எதுவும் தொடுவதில்லை, பாலும் பிடிக்காது. கொஞ்ச மாதமாக நடையில் தள்ளாட்டம். பகலில் அவ்வளவாகத் தெரியாது. சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் சாய்கிறார். கரண்ட் போனால் சுவரைப் பிடிக்காமல் நகர முடியவில்லை. போன மாதம் சில்வர் பீச்சிலிருந்து வரும்போது ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் வந்துவிட்டார். தலைசுற்றல் மாத்திரை ஆறு மாதமாகப் போடுகிறார், பலன் இல்லை. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது, பெல்ட் போடுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கோளாறு காதிலா, கழுத்திலா?

பதில்: செருப்பு கழன்ற விஷயத்தையும் எழுதினீர்களே, அது ரொம்ப உதவியாக இருக்கிறது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், முதலில் சோதிக்க வேண்டியது அப்பாவின் பாதங்களை.

சும்மா நிற்பதுகூட உடம்புக்கு ஓயாத வேலை. நம் எடை கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால்தான் இறங்குகிறது. அதனால் உடம்பு எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கும். கெண்டைக்கால் தசை அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்கும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்ய மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது. ஒன்று, கண். இரண்டாவது, உட்காது: தலை திரும்புவதை அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும், தலை சாய்வதைப் பக்கத்திலுள்ள இரண்டு சிறு பைகளும் சொல்லும். மூன்றாவதுதான் பலரும் நினைத்துப் பார்க்காதது. பாதத்துத் தோலும், கணுக்கால் மூட்டும், தசைகளும் நரம்பு வழியாக, தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக அனுப்பும் செய்தி அது. சிறுமூளையும் மூளைத்தண்டும் இவற்றை ஒப்பிட்டுத் தசைகளுக்கு உத்தரவு போடுகின்றன. யாராவது லேசாக இடித்தால் நாம் யோசிப்பதற்குள், ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடியில், கால் சமாளித்துவிடும்.

மூன்றில் எதை அதிகம் நம்புவது என்பதை மூளை இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும். தேவனாம்பட்டினத்தில் சில நாள் கடலில் தங்கிவிட்டுக் கரையேறுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரம் தரை ஆடுவது போல இருக்கும் என்பார்கள். படகின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை மறுபடி தரைக்குப் பழக அவகாசம் கேட்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பாதத்திலிருந்து வரும் செய்தி குறைந்திருக்கலாம். அந்தக் குறையைக் கண் ஈடுகட்டுவதால் பகலில் தெரிவதில்லை. கண்ணை மூடினாலோ, இருட்டினாலோ சாய்கிறார். கால்களைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பெர்லின் மருத்துவர் ராம்பெர்க் 1840-களில் எழுதி வைத்தது, இன்றும் நாங்கள் தினமும் செய்கிறோம். உங்கள் அப்பா வாஷ்பேசின் முன்னால் தினமும் அதைத்தான் செய்து காட்டிக்கொண்டிருக்கிறார்! வீட்டில் நீங்களாக வேறு செய்து பார்க்க வேண்டாம், விழுந்துவிடுவார்.

காரணம் இரண்டு இருக்கலாம், சேர்ந்தும் இருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை பாத நரம்புகளைக் கெடுக்கும், இது தெரிந்ததுதான். இன்னொன்று வைட்டமின் பி12 குறைவு. மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். செடிகொடி உணவில் அது கிடையாது. அப்பாவோ பாலும் குடிப்பதில்லை. பி12 குறைந்தால் நான் மேலே சொன்ன தண்டுவடத்தின் பின்பகுதியே பாதிக்கப்படும். சீக்கிரம் கண்டுபிடித்து ஊசி போட்டால் பெரும்பாலும் தேறும், தாமதித்தால் முழுதும் திரும்பாது. அதனால் இந்த ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் மருத்துவரிடம் போய், இசைக்கவையும் மெல்லிய நைலான் இழையும் வைத்துப் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 குறைந்தால் அதுவும் தள்ளாட்டத்துக்குக் காரணமாகலாம்.

காதுக் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் அறையே சுற்றும். படுக்கையில் புரளும்போது சில விநாடி சுற்றி நிற்கும் வகைதான் அதிகம். உட்காதில் இடம் மாறிய சுண்ணாம்புத் துகள்களைத் தலையைத் திருப்பித் திருப்பி இடத்துக்குக் கொண்டுவந்தால் அது சரியாகிவிடும். அப்பாவுக்குச் சுற்றல் இருப்பதாகவே நீங்கள் எழுதவில்லை. தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் தொடரும் பழக்கம் நம் ஊரில் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை வயதானவர்களுக்கு நடையை இறுக்கி நடுக்கமும் கொடுக்கும். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டி, இது இன்னும் தேவையா என்று கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: படுக்கையிலிருந்து கழிவறை வரை ராத்திரி விளக்கு, கரண்ட் போனால் தானே எரியும் விளக்கு ஒன்று, குளியலறைச் சுவரில் கைப்பிடி. முகம் கழுவுவது நாற்காலியில் உட்கார்ந்து. நடைப்பயிற்சி மணலில் வேண்டாம், கெட்டியான தரையில் போகட்டும். தொளதொள ரப்பர் செருப்புக்குப் பதில் பின்வார் உள்ளது. வெறுங்காலோடு எங்கும் போகக் கூடாது. பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவதென்றால் காலையில் சீக்கிரம் போய் வாருங்கள். உச்சி வெயிலில் கருங்கல் தரையில் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. தினமும் ராத்திரி பாதங்களை நீங்கள் பாருங்கள்.

பயிற்சியாலும் பலன் உண்டு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

திடீரென்று நிற்க முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ 108-க்கு அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; சில மணி நேரத்துக்குள் போனால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க முடியும்.

கழுத்து விஷயம். அந்த வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும். கை விரல்கள் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், கால் விறைத்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் மட்டும் கழுத்துத் தண்டுவடத்துக்கு எம்ஆர்ஐ கேளுங்கள். பெல்ட் வேண்டாம். அதைப் போட்டால் அவரால் குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. இப்போது அவர் நடப்பதே அப்படிப் பார்த்துத்தான்.