பச்சை மாறாத ஓக்: கேளுங்கோ, சொல்லுறன்

நாற்றுமேடையில 30 வருசம் நிண்ட ஆள் எண்டதை வாய் தவறிச் சொல்லிப்போட்டன். வந்த கேள்வியெல்லாம் ஓக் மரத்தைப் பற்றி. சரி, வந்த ஒழுங்கிலயே பதில், கேட்டவையின்ர ஊர்ப் பெயரோட.

உப்புவெளி: ஐயா, இத்தாலியில இருந்து அக்கா ஒரு பை ஓக் கொட்டை கொண்டந்தா. மாரியிலயும் இலை கொட்டாத சாதியாம். இஞ்ச முளைக்குமா?

அது ஹோம் ஓக், குவெர்கஸ் ஐலெக்ஸ். பிள்ளை, முதல்ல கொட்டையளைத் தண்ணியில போடுங்கோ. மிதக்கிறதை எறியுங்கோ. ஓக் கொட்டை காய்ஞ்சால் செத்துப்போகும், விதைநெல்லு மாதிரிக் கட்டி வைக்கேலாது. தாண்டது முளைக்கலாம். தொட்டி ஆழமா இருக்கட்டும், ஆணிவேர்தான் முதல்ல இறங்கும். ஆனால் பெருமரமாகும் எண்டு நான் சொல்லமாட்டன். மத்தியதரைக் கடல் பக்கமும் எங்களைப்போலதான், மழை ஒரு பருவம், பிறகு நீளமான வறட்சி. வித்தியாசம் என்னெண்டால், அங்க மழைக்காலம் குளிர்காலமும்கூட. நாங்கள் மார்கழியில போர்வை தேடுற குளிர் அதுக்குக் குளிரே இல்லை.

கிண்ணியா: இலை கொட்டாதெண்டால் கீழ சருகு கிடக்காதா?

கிடக்கும் தம்பி, நல்லாக் கிடக்கும். ஒரு இலை ஒண்டு ரெண்டு வருசம் நிக்கும், புதுத் தளிர் வரேக்க பழசு விழும். மரம் ஒரேயடியா மொட்டையாகாது, அவ்வளவுதான். இலையைத் திருப்பிப் பாத்தால் விளங்கும். மேல கரும்பச்சை மினுக்கம், அடியில சாம்பல் நிறத்தில பஞ்சு ரோமம். தண்ணி ஆவியாகிறதை அந்த ரோமம் குறைக்கும். கன்றிலயும் தாழ்ந்த கொப்பிலயும் இலை ஓரம் முள்ளு, ஆடு எட்டாத உயரத்தில முள்ளு குறைஞ்சிடும். கெட்டிக்கார மரம்!

மூதூர்: தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கும் இதுதானா?

இல்லை. அது அவுஸ்திரேலிய மரம், பெயரில மட்டும் ஓக். எங்கட தீவில ஓக் தானா முளைக்கிறதில்லை.

திருகோணமலை நகர்: எங்கட ஊர்ப் பெயர் வைச்ச கப்பல் ஓக்கில கட்டினதா?

எச்.எம்.எஸ். திருகோணமலையா? தேக்கு ஐயா, தேக்கு! நெப்போலியன் சண்டையளால இங்கிலாந்தில ஓக் தட்டுப்பாடு, அதால 1817இல பம்பாயில கட்டினவை. இப்ப இங்கிலாந்தின்ர ஹார்ட்டில்பூலில நிக்குது. இங்கிலாந்துக் கப்பல் ஓக் இலை உதிர்க்கிற சாதி. பச்சை மாறாத லைவ் ஓக் எண்ட சாதியில உடற்சட்டகம் கட்டினது அமெரிக்காவின்ர கான்ஸ்டிடியூஷன் எண்ட போர்க்கப்பல், 1797இல கடலில இறங்கினது. 1812இல இங்கிலாந்தோட தொடங்கின போரில குண்டு அதின்ர பக்கத்தில பட்டுத் தெறிச்சதாம், அதால இரும்புக் கப்பல் எண்டு பட்டம்.

நிலாவெளி: போத்தில் தக்கை?

தக்கை ஓக்கின்ர பட்டை. அதுவும் பச்சை மாறாததுதான். 9 வருசத்துக்கு ஒருக்கா உரிப்பினம், மரம் சாகாது.

ஆலங்கேணி: அப்ப வளவில நிழலுக்கு என்ன வைக்க?

பாலை மரம் வையுங்கோ. கச்சான் காத்து அடிக்கேக்கயும் பச்சையா நிக்கும். ஓக் இலை மாதிரித் தோல் கணக்கா இருக்கும், நுனியில சின்ன வெட்டு. மெதுவாத்தான் வளரும், பழம் உங்கட பேரப்பிள்ளையளுக்கு. அவசரமெண்டால் வேம்பு வையுங்கோ.