பருவுக்குக் குளிசை குடிக்கும் மகளும் ஆவணிக் கலியாணமும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "23 வயதான என் மகளுக்கு முகத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாகப் பரு. தோல் வைத்திய நிபுணர் தை மாதத்திலிருந்து ஐசோட்ரெட்டினோயின் 20 மில்லிகிராம் குளிசை தந்து வருகிறார். ஆவணியில் கலியாணம். இந்தக் குளிசை ஈரலைப் பழுதாக்கும், பிறகு பிள்ளை தங்காது, உடனே நிறுத்துங்கள் என்று வழமையாகப் போகும் அழகு நிலையத்தில் சொல்கிறார்கள். நிறுத்தட்டுமா?"

அன்புச் சகோதரி, அழகு நிலையத்தில் சொன்னார்கள் என்பதற்காக நிறுத்த வேண்டாம். மட்டக்களப்பில் நீண்ட காலமாக இதே அழகு நிலையத் தொழிலில் இருக்கும் நான், எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் இப்படிச் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. குளிசை குடிக்கும் பெண்ணின் வெடித்த உதடும் உரிகிற தோலும்தான் எங்கள் கண்ணில் படுகின்றன. அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவை நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஈரல் நொதிகளும் இரத்தக் கொழுப்பும் சிலருக்கு உயர்வது உண்மை. பெரும்பாலும் அது சிறிய அளவில் உயர்ந்து, மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் தொடக்கத்திலும் இடையிலும் இரத்தம் எடுக்கிறார்கள். மகளுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். "பிள்ளை தங்காது" என்ற பேச்சில் ஒரு பெரிய உண்மை தலைகீழாகக் கிடக்கிறது. மருந்தை முடித்தபின் கருத்தரிக்கும் ஆற்றலை இது கெடுப்பதாக ஆதாரம் இல்லை. ஆபத்து, குளிசை உடம்பில் இருக்கும் காலத்தில் கரு உண்டாவதில்தான் இருக்கிறது: கருச்சிதைவு ஏற்படலாம், சிசுவின் மூளை, இதயம், முகம், காது ஆகியவை கடுமையாகப் பாதிக்கப்படலாம். ஆகவே குளிசை குடிக்கும் காலம் முழுவதும், கடைசிக் குளிசைக்குப் பின் ஒரு மாதம் வரையும், கர்ப்பம் கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும். கரு உண்டாகியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும் யாரையும் கேட்காமல் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

உங்கள் மகளின் விடயத்தில் எனக்குக் கவலை தருவது இந்தக் கணக்குத்தான். முழுச் சிகிச்சைக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுப்பது வழமை. எடை 50 கிலோ என்று வைத்தால் குறைந்தது 6000 மில்லிகிராம். நாளுக்கு 20 என்றே போனால் 300 நாள், அதாவது தையில் தொடங்கியது கார்த்திகை வரை நீளும். வைத்தியர் இடையில் அளவைக் கூட்டுவாரா, முன்னதாக முடிப்பாரா, கலியாணத்துக்குப் பின்னும் தொடர்ந்து கருத்தடைக்கு வழி சொல்வாரா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் கலியாணத் திகதி தெரியாமல் அவரால் அதை எடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் இதைத் தாயும் மகளும் வாய்விட்டுப் பேசுவது அரிது என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை கூச்சத்தை விட்டுப் பேசுங்கள், மாப்பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

அழகு நிலையத்துக்கு உரிய பங்கு வேறு. இந்த மருந்து எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கித் தோலை மெல்லியதாக்குவதால், குளிசை குடிக்கும் காலத்திலும் முடித்து ஆறு மாதம் வரையும் வக்சிங் செய்யக்கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில், குளிசை பற்றிக் கேட்காமலே ஒரு பெண்ணின் மேலுதட்டில் நான் வக்ஸ் இழுத்தேன். மெழுகோடு தோலும் வந்தது, அந்தக் கறுப்புத் தழும்பு மறைய மாதங்கள் எடுத்தன. அன்றிலிருந்து "என்ன மருந்து குடிக்கிறீர்கள்?" என்று கேட்காமல் நான் யாருடைய முகத்தையும் தொடுவதில்லை. ஆகவே கலியாணத்துக்கு வக்சிங், பிளீச், ஸ்க்ரப், பீலிங் எதுவும் வேண்டாம். புருவத்துக்குக் கத்தரிக்கோல் போதும். வாசனையற்ற ஈரப்பதக் கிரீமும் உதட்டுக்கு வாசலீனும் தினமும் தேவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரட்டிப்பாகத் தேவை. வெயிலில் போகும்போது சன்கிரீமும் குடையும் இருக்கட்டும்.

குளிசையைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. விட்டமின் ஏ மாத்திரையையோ, பழைய சிட்டையில் மீதமிருக்கும் டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் மருந்தையோ கூடவே கொடுக்காதீர்கள். பிந்தையது மூளையைச் சுற்றிய அழுத்தத்தைக் கூட்டிக் கடும் தலைவலியும் பார்வை மங்கலும் தரலாம். மகள் வழமைக்கு மாறாக மனம் சோர்ந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. குளிசைக்குப் பதிலாக லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் எதையும் யாரும் தந்தால் வாங்காதீர்கள். அத்தகைய கிரீம்களில் பாதரசமோ கடும் ஸ்டீரொய்டோ கலந்திருப்பது உண்டு. ஸ்டீரொய்ட் கிரீமே புதிதாகப் பருவைக் கொண்டுவரும்.

அடுத்த கிளினிக்குக்கு மகளின் எடையை நிறுத்துக் குறித்துக்கொண்டு, கலியாணத் திகதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.