மூன்று கட்டத்தில் ஒரு வாறன்

அன்பின் ஐயா,

ஒரு வார இதழின் குறுக்கெழுத்துப் போட்டியில் 'வந்து சேர்தல் (3)' என்றிருந்தது. 'வரவு' என்று நிரப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் விடை 'வருகை' என்று போட்டிருந்தார்கள். அகராதியில் இரண்டும் ஒன்றுதானே? பரிசும் போச்சு. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் கொடுப்பது சரியா? இங்கிலிஷ்காரன் விளையாட்டு தமிழுக்கு எதற்கு என்கிறார் என் கணவர்.

வாசகி, தெஹிவளை

அன்பின் தங்கைக்கு,

கணவரை விடுங்கள். 1913இல் ஆர்தர் வின் நியூயோர்க் பத்திரிகையொன்றில் தொடக்கிவைத்த விளையாட்டு அது. கிரிக்கெட்டையும் அவர் பார்ப்பதில்லையா? புள்ளி எழுத்துக்குக் கட்டம் கொடுக்கத்தான் வேண்டும், வேறெங்கே அதைக் குந்த வைப்பது?

நீங்கள் அகராதியைப் பார்த்தீர்கள், கட்டத்தைப் பார்த்தீர்களா? நடுவில் 'ர'வா 'ரு'வா என்று சொல்வது மேலிருந்து இறங்கும் சொல். அதை நிரப்பாமல் தபாலில் போட்டுவிட்டு என்னிடம் நியாயம் கேட்கிறீர்கள்!

குறிப்பு எழுதியவரும் சோம்பேறிதான். வருகையைக் கேட்க 'வந்து' என்றே தொடங்குவாரா? பழந்தமிழில் செலவு என்றால் பயணம். 'செலவுக்கு எதிரே நிற்பது' என்று கேட்டிருந்தால் கணக்கப்பிள்ளையும் பண்டிதரும் ஒரே 'வரவு'க்கு வந்திருப்பார்கள்.

தொண்ணூறுகளில் என் சித்தப்பா கனடா விசாவுக்காக வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தார். பேப்பரில் வந்த கட்டங்கள் முடிந்ததும் கொப்பி ஒற்றையில் தானே கட்டம் கீறுவார். பென்சில் கூரை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். ஒருநாள் கேட்டார்: "போகேக்க சொல்லுறது, மூண்டெழுத்து."

"போறன்" என்றேன். மண்டையில் ஒரு குட்டு.

"வீட்டை விட்டு வெளிக்கிடேக்க ஆரடா போறன் எண்டு சொல்லுறவன்?"

முதற்கட்டத்தை மட்டும் அழித்து 'வா' என்று எழுதினார். மற்ற இரண்டும் அப்படியே நின்றன. வருதல் என்பது பேசுகிறவனையும் கேட்கிறவனையும் நோக்கியது, மூன்றாமவனிடம் என்றால் செல்லுதல் என்று தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். அதைப் பிறகு படித்தபோதும் அந்த இடம்தான் வலித்தது. வாசலில் நின்று 'வாறன்' என்பவன் யாரை நோக்கிச் சொல்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். இதை விளங்கிக்கொள்ளாமல் 'வா'வுக்கு 'அடைதல்' என்று குறிப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அன்று பின்னேரம் லொட்ஜ் மனேச்சர் பதிவுக் கொப்பியோடு வந்தார். 'கொழும்புக்கு வந்த காரணம்' என்ற பத்தியில் சித்தப்பா பென்சிலாலேயே எழுதினார்: 'போறதுக்கு.'

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. பொலிஸ் பாக்கிற கொப்பி இது" என்று மனேச்சர் பதறிப்போனார். ரப்பரை வாங்கி அழித்து, பேனையால் 'வெளிநாட்டுப் பயணம்' என்று தானே எழுதினார். சித்தப்பா விரலை மடித்துக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலிருந்து கீழ் அந்த இரண்டாம் கட்டத்தில் இறங்கும் சொல் எது? அந்த இதழை எறிந்திருக்க மாட்டீர்கள். பார்த்து எழுதுங்கள், அதற்குப் பிறகு யார் பிழை என்று சொல்கிறேன்.