பழைய சொகுசு எஸ்யூவி: டெல்லி டிஸ்கவரி ஸ்போர்ட்டா, ஃபார்ச்சூனரா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். அலுவலகத்துக்குப் போக வர தினமும் 15 கி.மீ., முழுக்க நகர டிராஃபிக். மாதம் இரண்டு முறை வால்பாறைப் பக்கம் எங்கள் சின்ன எஸ்டேட்டுக்குப் போவோம். கடைசி 6 கி.மீ. கல்லும் குழியுமான மண்பாதை. மழைக்காலத்தில் ஓர் ஓடையையும் கடக்க வேண்டும். டெல்லிப் பதிவெண்ணில் 2018 லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட் டீசல் ஒன்று என் பட்ஜெட்டுக்குள் வருகிறது. வீட்டில் அதுதான் வேண்டும் என்கிறார்கள். மைத்துனரோ ஃபார்ச்சூனரைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: அந்த 6 கி.மீ. மண்பாதையை நினைத்துத்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உறுத்துவது தினசரி 15 கி.மீ. நகர ஓட்டம். நீங்கள் பார்த்திருக்கும் வண்டியை மண்பாதையைவிட அதுதான் சீக்கிரம் கெடுக்கும்.

காரணம் சொல்கிறேன். நவீன டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, நெடுஞ்சாலையில் சிறிது நேரம் விடாமல் ஓட வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற வண்டியில் எரிப்பு பாதியிலேயே அறுந்துவிடும். எரிப்புக்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலந்து, ஆயிலை நீர்க்கச் செய்யும். டிஸ்கவரி ஸ்போர்ட், அதே கம்பெனியின் இவோக் இரண்டிலும் வந்த 2.0 லிட்டர் இன்ஜெனியம் டீசல் மேல் வெளிநாடுகளில் அதிகம் எழுந்த புகார் இதுதான். நீர்த்த ஆயிலில், இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் தேயும். இந்த இன்ஜினில் அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்றுவதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். செலவு எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், அது ஏன் மலிவாக வருகிறது? டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பல ஆண்டுகளாகவே கெடுபிடி. கெடு நெருங்க நெருங்க அங்கே விலை சரியும், வண்டி தெற்கே வரும். இங்கே கொண்டுவந்தால் அங்கிருந்து என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு நம் மாநில வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் தொகை லட்சங்களில்தான் நிற்கும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கணக்குக் கேட்டுக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். ‘பேப்பர் வேலை எல்லாம் நான் பார்த்துக்கறேன் சார்’ என்று சொல்லும் புரோக்கரை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, மண்பாதைக்கு வருவோம். டிஸ்கவரி ஸ்போர்ட் சும்மா பேருக்கு எஸ்யூவி அல்ல. நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும், 600 மி.மீ. தண்ணீர் வரை இறங்கும், எலெக்ட்ரானிக்ஸ் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் கிடையாது. ஈரக் கல்மேட்டில் நடை வேகத்தில் ஏறவும், அதே மேட்டில் பிரேக்கைத் தொடாமல் இறங்கவும் லோ ரேஞ்ச்தான் நிம்மதி. ஆடி, பி.எம்.டபிள்யூ. பேட்ஜைப் பார்த்து க்யூ7, எக்ஸ்5 பக்கம் மனம் போனாலும் இதே கதைதான்.

இன்னொன்று டயர். டிஸ்கவரி ஸ்போர்ட்டில் வரும் 235/55 ஆர்19 டயரின் பக்கச்சுவர் 129 மி.மீ. உயரம். ஃபார்ச்சூனர் 4×4-இன் 265/60 ஆர்18 டயரில் அது 159 மி.மீ. கூர்மையான கல்லில் ஏறி இறங்கும்போது ரிம் வளையாமல் காப்பாற்றுவது அந்த 30 மி.மீ.தான். ஸ்டெப்னியையும் திறந்து பாருங்கள். பல சொகுசு வண்டிகளில் மெலிந்த தற்காலிகச் சக்கரம்தான் இருக்கும். எஸ்டேட் பாதையில் இரவில் டயர் கிழிந்தால், அதை மாட்டிக்கொண்டு ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் உபயோகத்துக்கு என் முதல் தேர்வு ஃபோர்டு எண்டெவர் 3.2 லிட்டர் 4×4 ஆட்டோமேட்டிக், 2017 முதல் 2019 வரையிலானது. ஐந்து சிலிண்டர், 200 பி.எஸ். சக்தி, 470 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 800 மி.மீ. தண்ணீர் வரை இறங்கும், லோ ரேஞ்ச் உண்டு. நகரத்தில் ஸ்டீயரிங் விரலில் திரும்பும். பின்சீட்டுக்காரர்கள் ஃபார்ச்சூனரைவிட இதில் குறைவாகத்தான் குலுங்குவார்கள். வீட்டில் எதிர்பார்க்கும் சொகுசுக்கு இது நெருங்கி வரும். மைலேஜ் மட்டும் கேட்காதீர்கள்.

இது விலை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் வண்டி இல்லை, கம்பெனி. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் உருவான வண்டி என்பதால் தமிழ்நாட்டில் இதைக் கைபழகிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஃபில்டர், பிரேக் பேடு போன்றவை கிடைக்கும். ஹெட்லைட், பம்பர் மாதிரியான பாடி பாகங்களுக்குத்தான் காத்திருக்க நேரலாம். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் மைத்துனர் சொன்னது சரி: ஃபார்ச்சூனர் 2.8 லிட்டர் 4×4. அதே காசுக்கு இன்னும் பழைய, இன்னும் அதிகம் ஓடிய வண்டிதான் கிடைக்கும், ஆனால் விற்கும்போது கை கடிக்காது. ஒரு எச்சரிக்கை: சந்தையில் சுற்றும் ஃபார்ச்சூனர்களில் நிறைய 4×2, அதாவது இரண்டு சக்கரத்துக்கு மட்டுமே இழுவை போகும். பின்கதவில் 4×4 ஸ்டிக்கர் ஒட்ட ஐந்து நிமிடம் போதும். ஆர்.சி.யையும் உள்ளே 4×4 போடுவதற்கான திருகு சுவிட்சையும் பாருங்கள்.

லேண்ட் ரோவரிலேயே டிஸ்கவரி 4, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் போன்றவற்றில் லோ ரேஞ்ச் கிடைக்கும், மண்பாதையில் ராஜா. ஆனால் அவற்றின் 3.0 வி6 டீசல் இன்ஜின், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு உடைவதற்குப் பேர்போனது. காற்றுப்பைகளால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் செலவு தனி. ஆசை விடவில்லை என்றால் ஒரு ராத்திரி வண்டியை உயர்த்தி நிறுத்திவிட்டு, காலையில் எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்த வண்டியானாலும் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எத்தனை முறை ஷாம்பூ போட்டாலும் பெல்ட்டின் அடிமுனையில் சேற்றுக்கோடு தங்கிவிடும். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னைப் பதிவு வண்டிகளில் இதை விடவே கூடாது.

அப்புறம் ஒரு மண் மைதானத்துக்கு ஓட்டிப் போய், நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4 லோ (லோ ரேஞ்ச்) போடுங்கள். நகரத்திலேயே ஓடிய வண்டிகளில் பல ஆண்டுகளாக அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அதை மாற்றும் மோட்டார் இறுகி, டேஷ்போர்டில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அது ஒன்றை வைத்தே விலையை நன்றாகக் குறைத்துப் பேசலாம். மெக்கானிக்கின் பிட்டில் ஏற்றும்போது, பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் தண்ணீரை உள்ளிழுக்கும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் முன்னாள் ஓனர் தண்ணீரில் விளையாடியிருக்கிறார் என்று அர்த்தம்.

வாங்குகிற பட்ஜெட்டில் மூன்று லட்சத்தையாவது தனியே எடுத்து வையுங்கள். முதல் வேலை சாலைக்கும் மண்ணுக்கும் பொருந்தும் நான்கு ஏ.டி. டயர், எல்லா ஆயில்களும், பிரேக். இரும்புக் கம்பி பம்பர் பக்கம் போகவே வேண்டாம். அதற்கு 2017-லேயே தடை வந்துவிட்டது, ஏர்பேக்குக்கும் இடைஞ்சல். 4×4 கைவசம் இருக்கிறதே என்று பக்கத்து ரிசர்வ் காட்டுக்குள் திருப்பினால் வனத்துறை வழக்கு வரும்.

எண்டெவர் வாங்கினால் ஆயில் மாற்றும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். அந்த 3.2 இன்ஜினில் பழைய ஆயிலை வடித்துவிட்டு நெடுநேரம் காலியாக விட்டால் ஆயில் பம்ப் பிடிப்பை இழந்துவிடும். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தாலும் அழுத்தம் ஏறாமல் இன்ஜின் வறண்டு ஓடும். பத்து நிமிடத்துக்குள் பிளக்கை மூடி ஆயிலை ஊற்றிவிட வேண்டும். புது ஃபில்டரும் ஆயில் கேனும் கையில் வந்த பிறகே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். டீ குடிக்கப் போவதெல்லாம் அதற்கு அப்புறம்.