எடையைக் குறைப்பதா, சிகிச்சையைத் தொடங்குவதா?

கேள்வி: எனக்கு வயது 36; உயரம் 158 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. இரண்டு ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயன்று வருகிறோம். பி.சி.ஓ.எஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பதால் மாதவிடாய் இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒரு மருத்துவர், பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டார். இன்னொருவர், வயது ஏறுவதால் உடனே ஐ.வி.எஃப் (சோதனைக் குழாய் முறை) செய்துகொள்ளச் சொல்கிறார். எங்கள் சேமிப்பு ஒரு முறைக்குத்தான் போதும். எதை முதலில் செய்வது டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் உயரம், எடை, மாதவிடாய் எல்லாம் இருக்கின்றன, உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கும் என்னும்போது, அதிகச் செலவில்லாத அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் ஐ.வி.எஃப் பற்றியோ பதினைந்து கிலோ பற்றியோ முடிவெடுப்பது சரியல்ல. உங்கள் கருக்குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் எக்ஸ்ரே மூலம் பார்த்துவிடுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதங்கள் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது மருத்துவ வழக்கம். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே பரிசோதனைகளை இந்த மாதமே தொடங்கலாம், அதற்கு எடை தடையே இல்லை.

இனி எடை. உங்கள் பி.எம்.ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு, ஏறத்தாழ 33. பி.சி.ஓ.எஸ் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குக் கருமுட்டை வெளியாவது சீராகிறது. உங்கள் கணக்கில் அது 4 முதல் 8 கிலோ. பதினைந்து கிலோவை நுழைவுச்சீட்டைப் போல வைப்பதை நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தில் உடல் பருமன் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வில், ஆறு மாத எடைக்குறைப்புப் பயிற்சிக்குப் பிறகு சிகிச்சை பெற்றவர்களுக்கு, உடனே சிகிச்சை தொடங்கியவர்களைவிட ஆரோக்கியமான பிரசவங்கள் அதிகம் அமையவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்களில் சிகிச்சையே இல்லாமல் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவிர, எடையைக் குறைப்பது கருத்தரிப்புக்காக மட்டுமல்ல: கர்ப்பகாலச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மயக்க மருந்தினால் வரும் சிக்கல்கள் ஆகியவற்றின் அபாயமும் அதனால் குறையும்.

வயதைப் பொறுத்தவரை பேரம் பேச முடியாது. முப்பதுகளின் பிற்பகுதியில் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன, கருச்சிதைவுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஏ.எம்.எச் என்னும் ரத்தப் பரிசோதனை கருமுட்டைகளின் எண்ணிக்கையைத்தான் கோடிகாட்டும், தரத்தைச் சொல்லாது, பி.சி.ஓ.எஸ் இருந்தால் அந்த அளவு பெரும்பாலும் அதிகமாகவே வரும் என்பதால், அதைப் பார்த்து நேரம் நிறைய இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஆகவே எடைக்குறைப்புக்கு மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு மாதம் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் குறைக்கச் செய்யும் இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். உங்கள் வயதில் அது பெரிய விலை. செமாக்ளூடைடு போன்ற எடைக்குறைப்பு ஊசிகளையும் கருத்தரிப்பதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

கணவரின் பரிசோதனையும் கருக்குழாய்களும் சரியாக இருந்தால், உங்களுக்கான முதல் சிகிச்சை ஐ.வி.எஃப் அல்ல, கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரைதான். பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், அதே வேலைக்குத் தரப்படும் பழைய மருந்தான குளோமிஃபீனைவிட லெட்ரோசோலில் அதிகக் குழந்தைகள் பிறந்தன. ஸ்கேன் கண்காணிப்போடு சேர்த்தாலும் ஐ.வி.எஃப் செலவில் இது சிறு பங்குதான். எடையைக் குறைத்துக்கொண்டே இதை எடுக்கலாம், இரண்டுக்கும் பகையில்லை. நான்கு முதல் ஆறு சுழற்சிகளுக்குள் பலன் இல்லையென்றால் அடுத்த படியைப் பற்றிப் பேசுங்கள்.

அப்படி ஐ.வி.எஃப் வரை போனால், ஒரு முறைக்கு எவ்வளவு என்பதைவிட, எத்தனை முறைக்கு உங்களால் தாங்க முடியும் என்பதே முக்கியமான கேள்வி. 36 வயதில் முதல் முறையிலேயே குழந்தை பிறப்பது பாதிப் பேருக்குக்கூட அமைவதில்லை. சொல்லப்படும் கட்டணத்தில் ஊசி மருந்துகள், மயக்க மருந்து, கருக்களை உறைய வைத்தல், ஆண்டுதோறும் பாதுகாத்தல், பின்னர் அவற்றைக் கருப்பையில் வைத்தல் எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வெற்றி விகிதம் என்று ஒரு எண்ணைக் காட்டினால், அது கர்ப்பம் உறுதியானவர்களின் கணக்கா, குழந்தை பெற்றவர்களின் கணக்கா, உங்கள் வயதினருக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். கர்ப்பக் கணக்குக்கும் குழந்தைக் கணக்குக்கும் இடையே கணிசமான வித்தியாசம் இருக்கும். கருப்பை உட்சுவரைச் சுரண்டுவது போன்ற, பலன் நிரூபிக்கப்படாத கூடுதல் சிகிச்சைகளுக்கு உங்கள் சேமிப்பைக் கரைக்காதீர்கள்.

கேள்வி: என் வயது 39, எடை 104 கிலோ. விந்தணு எண்ணிக்கை குறைவு என்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் சரியாகும் என்கிறார் ஒரு நண்பர். போடலாமா?
– வாசகர்

பதில்: கூடவே கூடாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால், விந்தணு உற்பத்தியைத் தூண்டும் மூளையின் கட்டளை நின்றுவிடும். எண்ணிக்கை பூஜ்யத்துக்கே இறங்கவும் கூடும். அது மீள மாதக்கணக்கில் ஆகலாம். ஆண்களிலும் உடல் பருமன் ஹார்மோன் சமநிலையைக் குலைக்கிறது. புகையும் மதுவும் இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆகவே இன்று செய்யும் மாற்றத்தின் பலன் அப்போதுதான் தெரியும். அந்தச் சமயத்தில் பரிசோதனையைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள். இப்போதே எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ, உங்கள் மனைவி 35 வயதைத் தாண்டியிருந்தாலோ, மூன்று மாதம் காத்திராமல் இருவரும் சேர்ந்தே மருத்துவரைப் பாருங்கள்.