‘ஞாயித்துக்கிழமை இன்னொரு பார்ட்டி வருது’ என்கிறார் தரகர்: வேலூரில் இப்போது வீடு வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில், அவர் ராணிப்பேட்டை சிப்காட்டில். பிடித்தம் போக இருவருக்கும் மாதம் 82,000 ரூபாய் வருகிறது. சத்துவாச்சாரியில் 11,000 வாடகைக்கு இருக்கிறோம். சேமிப்பு 15 லட்சம். காங்கேயநல்லூர் பக்கம் 1,200 சதுர அடி மனையில் பத்து வருடப் பழைய தனி வீடு ஒன்று பிடித்திருக்கிறது. வயதான தம்பதி, பெங்களூரில் இருக்கும் மகனோடு போய்த் தங்குவதற்காக விற்கிறார்கள். முதலில் 52 லட்சம் சொன்னார்கள். எட்டு மாதமாகப் போகாமல் இப்போது 48-க்கு வந்திருக்கிறார்கள். “மார்க்கெட் நல்லா இருக்கு, ஞாயித்துக்கிழமை இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோட வராங்க, இப்ப விட்டா கிடைக்காது” என்கிறார் தரகர். “ரெண்டு வருஷம் பொறுங்க, விலை இறங்கும்” என்கிறார் மாமனார். யார் சொல்வதைக் கேட்பது? என் பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தரகர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்ப வேண்டாம்.

‘மார்க்கெட் நல்லா இருக்கு’ என்று யார் சொன்னாலும், யாருக்கு நல்லா இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். விற்பவருக்கு நல்ல சந்தை என்றால் பலகை மாட்டிய மாதமே வீடு கைமாறிவிடும், சொன்ன விலையில் ஐம்பதாயிரம்கூடக் குறையாது. வாங்குபவருக்கு நல்ல சந்தை என்றால் வீடு கிடக்கும், விலை தானாக இறங்கி வரும், ஒரே வீட்டை மூன்று தரகர்கள் மூன்று விலைக்குச் சொல்வார்கள். நீங்கள் பார்த்த வீடு எட்டு மாதமாகக் கிடக்கிறது, யாரும் கேட்காமலேயே நான்கு லட்சம் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று போட்டி முளைப்பது அபூர்வம். முளைத்தாலும் போகட்டும். சந்தை உங்கள் பக்கம் இருக்கும்போது உங்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபமே அவகாசம்தான். அதைத்தான் தரகர் முதலில் பிடுங்கப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, கமிஷன் அவருடைய பிழைப்பு.

இந்த ஒரு வீட்டை வைத்து வேலூர் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் ஒரே சந்தை கிடையாது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை பகுதிகளில் வீட்டின் விலையை நிர்ணயிப்பது வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்கும் நோயாளிகளின் குடும்பங்கள். காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடங்களில் மாணவர் வாடகை. சத்துவாச்சாரிக்கு ஆட்சியர் அலுவலகமும் நெடுஞ்சாலையும் பலம். அரியூர் பக்கம் பொற்கோயில் வந்த பிறகு ஏறியது. 2020-ல் கல்லூரி மூடி ரயிலும் நின்றபோது, வாடகையை நம்பி வாங்கிப் போட்டவர்கள் பட்ட பாடு வேறு, சொந்தக் குடியிருப்புக்கு வாங்கியவர்கள் நிலை வேறு. நீங்கள் குடியிருக்கத்தான் வாங்குகிறீர்கள். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது அந்தத் தெருவையும் பக்கத்து நான்கு தெருவையும்தான். இந்த ஒரு வருடத்தில் அங்கே என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். பலகையில் எழுதியிருப்பதும் தரகர் வாயில் வருவதும் கேட்கிற விலை. முடிந்த விலையை அங்கே மளிகைக்கடை வைத்திருப்பவர் இன்னும் துல்லியமாகச் சொல்வார்.

அடுத்து மாமனார். அவர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது, ஆனால் நம் ஊர்ப்பக்கம் விலை வெளிப்படையாக இறங்குவது அரிது. இங்கே மனை வைத்திருப்பவர்களில் பலருக்கு அதன் மேல் கடன் கிடையாது. ‘மண்ணு எங்க போயிடப் போகுது’ என்று வைத்துக்கொண்டே இருப்பார்கள். சந்தை மந்தமானால் விலை அப்படியே நிற்கும், நாலைந்து வருடம்கூட நிற்கும். சம்பளமும் விலைவாசியும் ஏற, நின்ற விலை உள்ளுக்குள் தேய்ந்துபோகும். ஊர் முழுக்க விலை இறங்கட்டும் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருப்பார். உண்மையான இறக்கம் தனி மனிதர்களிடம்தான் நடக்கும். வெளியூரில் குடியேறுகிறவர், பங்கு பிரிக்க வேண்டிய அண்ணன் தம்பிகள், மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்படுகிறவர். உங்களுக்கு அப்படி ஒருவர் ஏற்கெனவே கிடைத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து இன்னொருவரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வட்டியைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2025 தொடக்கத்தில் 6.5 சதவீதம். அந்த ஆண்டு டிசம்பருக்குள் படிப்படியாக 5.25-க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, அதனால் இறக்கம் கடன் வாங்கியவருக்கு வந்து சேர்கிறது. ஏற்றமும் அப்படியே வந்து சேரும். 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5. உதாரணத்துக்கு, 36 லட்சம் ரூபாயை 20 வருடத்துக்கு 7 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 27,900 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதமானால் 33,550. தவணையைக் கூட்டாமல் பழைய 27,900-த்தையே கட்டுகிறேன் என்றால், 36 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 28,500. அசலைத் தொடக்கூட முடியாது. எனவே இன்றைய தவணையைக் கட்ட முடியுமா என்று மட்டும் பார்க்காமல், இன்னும் ஆறாயிரம் கூடினால் தாங்குமா என்றும் பாருங்கள்.

வட்டி குறைவு என்பதற்காக விலையில் விட்டுக்கொடுப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வட்டி நாளைக்கு மாறும். பிடிக்காவிட்டால் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபர் எடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடித்தாலும் வங்கி அபராதம் போடக் கூடாது. வீட்டின் விலையை ஒரு தரம் பேசி முடித்துவிட்டால் முடிந்ததுதான்.

இப்போது உங்கள் 15 லட்சத்துக்கு வருவோம். எனக்குக் கவலை இங்கேதான். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். 48 லட்சத்துக்கு 38.4 லட்சம் கடன், 9.6 லட்சம் உங்கள் கையிலிருந்து. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்பது இன்னொரு 4.32 லட்சம். இதைக் கடனில் சேர்க்க முடியாது, ஏனென்றால் இந்த அளவு வீட்டுக்குப் பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கணக்கிட வங்கிக்கு அனுமதி இல்லை. மொத்தம் 13.92 லட்சம். மீதி ஒரு லட்சத்துச் சொச்சம். அதில் தரகு, வக்கீல் கட்டணம், பத்திரம் எழுதும் செலவு, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு எல்லாம் போனால் பால் காய்ச்சக்கூடக் கடன் வாங்க வேண்டும். போதாக்குறைக்கு, வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்கு 45 லட்சம்தான் மதிப்பு என்று எழுதிவிட்டால் கடனும் அந்தக் கணக்குக்குச் சுருங்கும், வித்தியாசம் உங்கள் தலையில்.

இதையே 45-க்கு முடித்தீர்கள் என்றால்? கடன் 36, கைப்பணம் 9, பத்திரம் 4.05. மீதி ஏறக்குறைய இரண்டு லட்சம். 8 சதவீத வட்டியில் தவணை 30,100 வரும், உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கட்டலாம், ஆனால் இறுக்கமாக இருக்கும். அடகு வைக்காத நகை ஏதாவது இருந்தால் அதை அவசரத் தேவைக்கென்று அப்படியே விட்டுவையுங்கள்.

வாடகையோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கு இடிக்கும், அதையும் மறைக்கக் கூடாது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் 12,000 வரும் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1.44 லட்சம், அதாவது 48 லட்சத்துக்கு 3 சதவீதம். கடனுக்கோ 8. வெறும் கணக்குப்படி வாடகை வீடே மலிவு. பத்து வருடமாவது இந்த ஊரைவிட்டுப் போகப்போவதில்லை, வருடா வருடம் வீடு மாற்றும் அலைச்சல் போதும் என்றால் வாங்குங்கள். இரண்டு மூன்று வருடத்தில் கணவருக்குச் சென்னைப் பக்கம் வேலை மாறும் வாய்ப்பு இருந்தால், சந்தை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் வேண்டாம். வாங்கும்போது 9 சதவீதம் போகும், விற்கும்போது தரகு போகும், விலை ஏறினாலும் கையில் ஒட்டாது.

சரி, வாங்குவது என்று முடிவானால் பேரத்தில் விலையைவிடவும் முக்கியமான ஒன்றைக் கேளுங்கள். முன்பணம் சிறிய தொகையாக, வங்கி வழியாக மட்டும். மூன்று மாதக் கெடு வைத்து கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வங்கி கடன் மறுத்தாலோ, வக்கீல் பார்வையில் பத்திரத்தில் குறை தெரிந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். விலை ஏறும் காலத்தில் இந்த வரியைச் சொன்னால் “வேற வீடு பாத்துக்கோங்க” என்பார்கள். எட்டு மாதம் காத்திருந்தவர் கையெழுத்துப் போடுவார். சந்தை சாதகம் என்பதற்கு என் அகராதியில் இதுதான் பொருள்.

அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. தாய்ப்பத்திரத்திலிருந்து 30 வருட வில்லங்கம் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நில அளவைத் துறையின் புலப்படத்தில் உள்ள அளவும் பத்திர அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஊராட்சியாக இருந்த காலத்தில் பிரித்த மனைகள் பிறகு மாநகராட்சிக்குள் வந்திருக்கின்றன, எனவே மனைப்பிரிவு அங்கீகாரம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கென்று வந்த வரன்முறைத் திட்டத்தில் ஒழுங்குபடுத்திய ஆணையாவது இருக்க வேண்டும். இது பூர்வீகச் சொத்தாக இருந்தால் பெரியவர் கையெழுத்து மட்டும் போதாது, பெங்களூர் மகனோடு வீட்டில் மகள்களும் இருந்தால் அவர்கள் கையெழுத்தும் வேண்டும். சுயமாகச் சம்பாதித்தது என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

‘தண்ணி இல்லாத ஆறு’ என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும் அந்தப் பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. காங்கேயநல்லூர், விருதம்பட்டு பக்கம் வாங்குகிறவர்கள் அந்த மாதம் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் வாங்கக் கூடாது. விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அப்படியே போர் எத்தனை அடி, மே மாதத்தில் தண்ணீர் வருகிறதா, காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்றும் கேளுங்கள். அவகாசம் இருப்பதால் ஒரு நல்ல மழை நாளில் போய் மொட்டைமாடி ஒழுகுகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஒழுகினால் அதைக் காட்டி இன்னும் ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லலாம்.

பேரம் நெருங்கும்போது “பத்திரத்தில் கம்மியா போட்டுக்கலாம், மீதி ரொக்கமா குடுங்க” என்ற பேச்சு வரலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் குறைந்தால் வங்கிக் கடனும் குறையும், நாளை நீங்கள் விற்கும்போது அந்த ரொக்கம் லாபமாகக் கணக்கேறி அதற்கும் வரி வரும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விழும் என்று பெரியவரிடம் எடுத்துச் சொன்னால் அவரே பின்வாங்குவார்.

கடைசியாகப் பெயர் விவகாரம். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள உண்மையான சலுகை. ஆனால் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான். 45 லட்சம் வீட்டுக்குப் பைசா குறையாது. இருவரும் சம்பாதிப்பதால் இருவர் பெயரிலும் பதிந்து, கடனையும் இருவர் பெயரில் வாங்குங்கள். வருமான வரியில் பழைய முறையில் இருக்கிறீர்கள் என்றால் வட்டிக்கான 2 லட்சம் கழிவை இருவரும் தனித்தனியாகக் கேட்கலாம். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது.