பள்ளிக்கூடத்தில் எதைப் பேசலாம்? அமெரிக்காவின் யூத வெறுப்புத் தடுப்புச் சட்டங்கள்: கேள்வி பதில்

கலிபோர்னியாவில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பல வருடங்களாக வரலாறு நடத்துகிறேன். ஆசிரியர் சங்கத்திலும் இருக்கிறேன், அதனால் என் சாய்வு இன்னது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் யூத வெறுப்பைத் தடுக்க எங்கள் மாநிலம் கொண்டுவந்த ஏபி 715 சட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, ஏபி 715 என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

2025 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டார். மாநில அளவில் ஒரு குடிமை உரிமைகள் அலுவலகம், அதற்குள் யூத வெறுப்பைத் தடுப்பதற்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர். கூடவே, பாடம் உண்மைத் தகவலின்படி இருக்க வேண்டும், ஆசிரியரின் சொந்தக் கருத்தாகவோ பிரசாரமாகவோ இருக்கக் கூடாது என்கிறது. யூத அமைப்புகள் பல ஆதரித்தன. கலிபோர்னியா ஆசிரியர் சங்கமும் குடிமை உரிமைகளுக்காக வாதாடும் ஏசிஎல்யு அமைப்பும் எதிர்த்தன. "உண்மைத் தகவல்" என்பதை யார்தான் எதிர்ப்பார்கள்? எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதில்தான் சண்டையே.

யூத வெறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு வரையறை போதுமே. அதில் ஏன் இவ்வளவு தகராறு?

வரையறை இருக்கிறது. ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. அதுதான் தகராறு.

ஐஹெச்ஆர்ஏ என்ற சர்வதேச அமைப்பு 2016-இல் ஏற்றுக்கொண்டதுதான் பெரிதாகப் பேசப்படுவது. மூல வரையறை சின்னதுதான். அதோடு 11 உதாரணங்கள் இருக்கின்றன, அவற்றில் 7 இஸ்ரேல் தொடர்பானவை. இஸ்ரேல் அரசு செய்வதற்கு யூதர்கள் எல்லோரையும் பொறுப்பாக்குவது வெறுப்பு என்கிறது ஓர் உதாரணம். அதை நான் அப்படியே ஒப்புக்கொள்வேன். வேறு எந்த ஜனநாயக நாட்டிடமும் எதிர்பார்க்காததை இஸ்ரேலிடம் மட்டும் எதிர்பார்ப்பதும் வெறுப்பாகலாம் என்கிறது இன்னொன்று. பதினாறு வயதுப் பையன் எழுந்து "காசாவில் நடந்தது சரியா மிஸ்?" என்று கேட்டால், "முதலில் மற்ற நாடுகளைப் பற்றியும் கேள்" என்றா சொல்வேன்?

இதன் மூல வரைவை 2004–05 காலத்தில் எழுதியவர்களில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன். ஐரோப்பாவில் நடக்கும் சம்பவங்களைக் கணக்கெடுக்கத்தான் அது எழுதப்பட்டது, கல்வி நிலையங்களில் பேச்சைக் கட்டுப்படுத்த அல்ல என்று அவரே 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சொன்னார். அப்புறம் 2021-இல் கல்வியாளர்கள் பலர் சேர்ந்து ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஏபி 715 இதில் எதையும் நேரடியாகச் சட்டமாக்கவில்லை. யூத வெறுப்பை எதிர்க்கப் பைடன் அரசு 2023-இல் வெளியிட்ட தேசிய உத்தியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அமெரிக்காவில் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறதே. ஆசிரியருக்கு இல்லையா?

இதைத்தான் நம்மவர்கள் பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரிப் பேராசிரியருக்கு உச்ச நீதிமன்றம் 1967-இல் கீஷியன் வழக்கில் தாராளமாகவே பேசியது. பள்ளி ஆசிரியருக்கு அந்தத் தாராளம் எட்டவில்லை. இந்தியானாவில் ஓர் ஆசிரியை, ஈராக் போருக்கு எதிரான பேரணிகளைப் பற்றிப் பாடம் வந்தபோது, பிள்ளை ஒன்று கேட்டதற்கு, "அமைதிக்காக ஹாரன் அடியுங்கள்" என்ற அட்டையைப் பார்த்துத் தானும் ஹாரன் அடித்ததாகச் சொன்னார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்குப் போட்டார், 2007-இல் தோற்றார். பள்ளி ஆசிரியரின் பேச்சை நிர்வாகம் கட்டுப்படுத்தவில்லை, அந்தப் பேச்சைத்தான் கூலிக்கு அமர்த்தியிருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. முதலில் படித்தபோது கோபம் வந்தது. கூலி என்ற சொல் இன்னும் உறுத்துகிறது.

பள்ளிக்கு வெளியே, ஒரு குடிமகளாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. அது 1968 பிக்கரிங் வழக்கு.

என் மகள் பாலஸ்தீனக் கொடி குத்திய சட்டையில் பள்ளிக்குப் போகலாமா?

பொதுவாகப் போகலாம். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை கட்டிப்போன பிள்ளைகளின் டிங்கர் வழக்கில் (1969), பள்ளி நடப்பு பெரிதாகக் குலையாதவரை மாணவர் கருத்தைத் தடுக்க முடியாது என்றாகிவிட்டது. ஆசிரியரைவிடப் பிள்ளைக்குச் சுதந்திரம் அதிகம், வேடிக்கைதான்.

சுதந்திரம் சுதந்திரம் என்கிறீர்களே மேடம், யூதப் பிள்ளைகள் படும் பாடு உங்கள் கண்ணில் படவில்லையா?

படுகிறது. நியூயார்க் மாநிலத்தில் பைன் புஷ் என்ற ஊர். அங்கே யூதப் பிள்ளைகள் மீது காசை எறிந்தார்கள், சுவரிலும் மேசையிலும் நாஜிச் சின்னம் கிறுக்கினார்கள், பெயர் சொல்லி இழிவுபடுத்தினார்கள். பெற்றோர் சொல்லிச் சொல்லி அலுத்து வழக்குப் போட்டார்கள். 2015-இல் பள்ளி மாவட்டம் (அந்த வட்டாரப் பள்ளிகளின் நிர்வாகம்) 44.8 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. அதற்குப் புதுச் சட்டமோ 11 உதாரணங்களோ தேவைப்படவில்லை. இனப் பாகுபாட்டைத் தடுக்கும், 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவே போதுமாக இருந்தது. அந்தப் பிரிவு மதத்தைச் சொல்லவில்லை, ஆனால் பொதுவான வம்சாவளி என்ற வகையில் யூதர்களும், சீக்கியர்களும், முஸ்லிம்களும் அதற்குள் வருவார்கள் என்று கல்வித் துறை 2004-இலேயே விளக்கம் தந்துவிட்டது. இருக்கிற சட்டத்தைப் பள்ளிகள் கண்டுகொள்ளாததுதான் நோய் என்பது என் கட்சி.

எங்கள் பக்கமும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில், சிறுபான்மை இனங்களின் வரலாற்றைச் சொல்லும் இனவியல் பாடத்தை மூடிய அறைக்குள் உட்கார்ந்து தயாரித்தார்கள். திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாக யூத அமைப்புகள் வழக்குப் போட, 2025 பிப்ரவரியில் பள்ளி மாவட்டம் மூன்று பாடங்களை நிறுத்திக்கொண்டது. ஊரறிய எழுதியிருந்தால் பாதிப் பாடமாவது மிஞ்சியிருக்கும்.

தீபாவளிக்கு என் மகன் ரங்கோலியில் ஸ்வஸ்திகா வரைந்தான். பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

பயப்படாதீர்கள். கலிபோர்னியாவில் 2022-இல் வந்த ஏபி 2282, தண்டனைக்குரியது நாஜிகளின் கொக்கிச் சிலுவை என்று பெயர் சொல்லியே பிரித்திருக்கிறது. போய்ப் பொறுமையாக விளக்குங்கள். அந்தச் சின்னத்தைப் பார்த்தால் யூதத் தாத்தா ஒருவருக்கு என்ன ஞாபகம் வரும் என்பதைப் பையனிடமும் சொல்லிவையுங்கள்.

வேறு மாநிலங்களில் எப்படி?

அரிசோனாவில் ஆசிரியரின் சொந்தப் பணத்திலிருந்தே நஷ்ட ஈடு கேட்க வழிவிடும் மசோதா ஒன்று வந்தது. ஆளுநர் ஹாப்ஸ் 2025 ஜூனில் ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். டெக்சாஸ் அதே ஆண்டில் ஐஹெச்ஆர்ஏ வரையறையைப் பள்ளி ஒழுங்கு நடவடிக்கைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

உங்கள் வகுப்பில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் அக்கா?

உண்மையைச் சொன்னால், போன வருடம் இஸ்ரேல் உருவான 1948-ஐ அரை வகுப்பில் முடித்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் சுருக்கினேன். இந்த வருடம் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். இஸ்ரேலின் சுதந்திரப் பிரகடனம் ஒரு நாள், ஊரைவிட்டுப் போன பாலஸ்தீனர்களின் வாய்மொழி வரலாறு மறுநாள். பாடக் குறிப்பைத் துறைத் தலைவரிடம் மூன்று வாரம் முன்பே கொடுத்துவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.